என் சம்பளத்தை நானே டைப் அடித்த ஒன்பது வருடம்

2011 ஜூனில் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் உதவியாளராகச் சேர்ந்தேன். பி.காம். படிப்பு, டேலி தெரியும், சம்பளம் 6,500 ரூபாய். அந்த வருடம் ஜனவரியில்தான் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியிருந்தார்கள். துணியை வெளியூருக்கு லாரியில் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கிக்கொண்டிருந்த நேரம். "இந்த நெலமைல வேலை கெடைக்கறதே பெருசு கண்ணு" என்றார் மேனேஜர். எனக்கும் அது சரியென்றே பட்டது. அப்புறம் வந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு நிலைமை இருந்தது. நோட்டு செல்லாமல் போனது, ஜி.எஸ்.டி. வந்தது, நூல் விலை ஏறியது. "இந்த நெலமைல" என்ற சொல் மட்டும் ஏப்ரல் மாதம் தவறாமல் வந்தது.

என் வேலையில் பாதி சம்பளக் கணக்கு. டெய்லர், செக்கிங், அயர்னிங் ஆட்களுக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம். ஸ்டாஃபுக்கு ஏழாம் தேதி மாதச் சம்பளம். 2016 நவம்பர் வரைக்கும் வாரச் சம்பளம் ரொக்கம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து நோட்டை எண்ணி எண்ணிக் கவரில் போடுவோம். விரல் நுனி கறுத்துவிடும். பிறகு எல்லோருக்கும் பேங்க் கணக்கு வந்தது, கவர் போனது. ஸ்டாஃப் ஷீட்டில் என் பெயர் 23-வது வரிசையில் இருந்தது. அந்த வரிசையை மாதா மாதம் நானேதான் டைப் அடித்தேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கு எவ்வளவு என்பது தெரியும். "சம்பள விஷயம் வெளிய போகக் கூடாது" என்று எல்லோருக்கும் ஒரு தடவை சொல்வார்கள், எனக்கு இரண்டு தடவை சொன்னார்கள். ஒன்பது வருடம் வெளியே விடவில்லை. இப்போதும் யார் பெயரும் சொல்லப்போவதில்லை.

2015-ல் ஒரு சனிக்கிழமை. ஓவர்லாக் தைக்கிற ஒரு அக்காவின் வாரச் சம்பளம் 2,900 வந்தது. தினமும் ஒன்றரை ஷிப்ட், ஆறு நாள். அதை நான்கால் பெருக்கினாலே 11,600. என் மாதச் சம்பளம் அப்போது 9,500. அந்த அக்கா காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்குத்தான் எழுந்திருப்பார், அந்தக் காசு அவர் முதுகுவலிக்கு வந்த காசு, அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. திருப்பூரில் ஷிப்ட் கூலிக்குத் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து பேசிப் பல வருடங்களுக்கு ஒப்பந்தம் போடுவார்கள். முதல் வருடம் இத்தனை சதவீதம், அடுத்த வருடம் இத்தனை என்று எழுத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. "நாங்க லேபர் இல்லீங்க, ஸ்டாஃப்" என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்வோம். அந்தச் சொல்லுக்கு நான் கொடுத்த விலை மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் என்று அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

உடனே உள்ளே போய்க் கேட்டேன். முன்யோசனை எதுவும் இல்லாமல், கோபத்தோடு. வீட்டு வாடகை ஏறிவிட்டது, கேஸ் விலை, பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அடுக்கினேன். ஓனர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். "எல்லாருக்கும் செலவு இருக்குதும்மா. எனக்கு இல்லையா? பேங்க் வட்டியைப் பாரு" என்று கேட்டுவிட்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். என் வீட்டுச் செலவைச் சொல்லி நான் சம்பளம் கேட்டால், தன் செலவைச் சொல்லி அவர் மறுப்பார். இரண்டு பேரும் கஷ்டம் சொல்லிக்கொள்ளும் இடத்தில் காசு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் நிற்கும். இதை அன்றே புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். மூன்று வருடம் ஆனது.

இன்கிரிமெண்ட் எப்படி முடிவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதற்குப் பெரிய ஆராய்ச்சி நடக்கிறது என்று நினைக்கிறார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரம் நான் ஷீட்டைப் பிரிண்ட் எடுப்பேன். பெயர், சேர்ந்த தேதி, இப்போதைய சம்பளம், கடைசியில் ஒரு காலிக் கட்டம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஓனரும் மேனேஜரும் உட்காருவார்கள். ஓனர் கையில் பென்சில். அறுபது பெயரை நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். என் மேஜை கேபின் கதவுக்கு வெளியே. ஏ.சி. ரிப்பேர் ஆன ஒரு வருடம் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓனர் கேட்டது ஒரே கேள்வி: "இவன் போயிருவானா?"

மெர்ச்சண்டைசர் ஒருவர் பெயருக்கு "போயிருவானுங்க, பக்கத்து கம்பெனில கூப்பிடறாங்க" என்றார் மேனேஜர். 3,000 விழுந்தது. பேட்டர்ன் மாஸ்டருக்கும் அப்படியே. 23-வது வரிசை வந்தது. மேனேஜர் பதில் சொல்வதற்குள் ஓனரே சொன்னார்: "அவ எங்க போவா?" குரலில் இளக்காரம் இல்லை, பிரியம்தான் இருந்தது. "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி." 700 ரூபாய் போட்டார்.

நான் எங்கே போவேன் என்று அவர் கேட்டதற்குக் காரணம் என் கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. 2013-ல் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன். 60,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டேன், அன்றைக்கே கொடுத்தார். வட்டி இல்லை. மாதம் 2,000 பிடித்தம், முப்பது மாதம். அந்த உதவியை நான் மறக்கவில்லை. ஆனால் அட்வான்ஸ் லெட்ஜரையும் இன்கிரிமெண்ட் ஷீட்டையும் நான்தான் வைத்திருந்தேன். எங்கள் கம்பெனியில் அட்வான்ஸ் பாக்கி இருந்தவர்களுக்கு ஏறியது எப்போதும் கம்மிதான். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. கடன் இருக்கிறவன் போக மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், பென்சிலுக்கும் தெரிந்திருந்தது. அவசரத்துக்கு வாங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் தீபாவளி போனஸ் வந்ததும் முதலில் இந்தக் கடனை அடைத்துவிடுங்கள். நான் அந்தப் போனஸில் நகைச்சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் "இவ கல்யாணம் ஆனாப் போயிருவா, எதுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு" என்று ஏற்றுமதி டாகுமெண்ட் வேலையை எனக்குப் பழக்கவில்லை. கல்யாணம் ஆகிப் பையனும் பிறந்த பிறகு "இனி குடும்பத்தை விட்டு எங்க போவா" ஆகிவிட்டது. போகிறவள் என்பதால் வேலை கற்றுத் தரவில்லை, போகாதவள் என்பதால் சம்பளம் ஏற்றவில்லை. இரண்டு காரணமும் ஒரே வாயிலிருந்து, ஐந்து வருட இடைவெளியில்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கென்று ஒரு பையனை எடுத்தார்கள். சம்பளம் 18,000. என்னுடையது அப்போது 13,000. அவனுடைய வரிசையை டைப் அடித்தது நான்தான். நல்ல பையன். "அக்கா, இந்த கம்பெனில பர்ச்சேஸ் பில் எங்கிருந்து வருது?" என்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டுக்கொண்டான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ராத்திரியில் தூக்கம் மட்டும் வரவில்லை. ஆறு வருடம் இருந்தவளைவிடப் புதிதாக வருகிறவனுக்கு ஏன் ஐயாயிரம் அதிகம்? அவன் மார்க்கெட் விலைக்கு வந்தான். நான் 2011-ன் விலையில் உள்ளே நுழைந்து, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனவள். உள்ளே இருக்கிற வரைக்கும் என் விலை 2011-லிருந்துதான் எண்ணப்படும்.

எட்டு மாதத்தில் அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். ரீஃபண்ட் வேலை அந்தரத்தில் நின்றது. ஏற்றுமதிக்குக் கட்டிய வரி திரும்பி வர வேண்டும். கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் போட்ட எண்ணும் ஒரு கோடோ ஒரு பூஜ்யமோ மாறினால் போதும், பணம் நின்றுவிடும். அந்த வருடம் ஊரில் பல ஏற்றுமதியாளர்களின் பணம் இப்படித்தான் சிக்கிக்கிடந்தது. எங்களுக்கு 41 லட்சம். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஆடிட்டர் ஆபீஸில் இருந்த ஒரு ஜூனியரிடம் கேட்டுக் கேட்டு, இரண்டு பிரிண்ட் அவுட்டைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேல் வைத்துக் கோடு கோடாகப் பார்த்தேன். மூன்று மாதம். பெரும்பாலும் ஆறு மணிக்கு மேல். பணம் ஒவ்வொரு தவணையாக வந்தது.

இந்தத் தடவை கேட்கப் போனபோது ஒரு தாளோடு போனேன். எந்தெந்த பில், எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, மொத்தம் எத்தனை, அந்தப் பணம் ஐந்து மாதம் முடங்கியதில் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்காக பேங்கில் வாங்கும் கடன்) வட்டி மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். வாடகையும் கேஸும் அந்தத் தாளில் இல்லை. ஓனர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஏழு வருடத்தில் என் தாளை அவர் இரண்டு தடவை படித்தது அதுதான் முதல் முறை. 1,500 கூட்டினார், ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தார். இன்கிரிமெண்ட் மாதம் இல்லாத ஒரு மாதத்தில் சம்பளம் ஏறியதும் எனக்கு அதுதான் முதல் முறை. ஆனால் வேலையை விட்டுப்போன பையனின் சம்பளத்தை நான் இன்னும் தொடவில்லை. அவன் வேலையும் என் வேலையும் இப்போது ஒரே மேஜையில் இருந்தன.

2019-ல் "சீனியர் அக்கவுண்டண்ட்" என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். நூறு கார்டு. இப்போதும் எண்பது இருக்கும், பையன் பின்பக்கத்தில் படம் வரைகிறான். அதே வருடம் மேனேஜர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஓனரின் அக்கா மகன் வந்தார். குடும்பக் கம்பெனியில் மேனேஜர் நாற்காலி சொந்தக்காரர்களுக்குத்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் பணம், அவர்கள் கம்பெனி. சேர்ந்த முதல் வருடமே இங்கே நமக்குக் கடைசிப் படி எது என்று பார்த்திருக்க வேண்டும். நான் எட்டாவது வருடம் பார்த்தேன்.

வேலை தேடியது இணையதளங்களில் இல்லை. என் வேலையைக் கண்ணால் பார்த்த வெளியாட்கள் யார் என்று எழுதிப் பார்த்தேன். ஆடிட்டர் ஆபீஸ் ஜூனியர், கிளியரிங் ஏஜெண்டிடம் இருந்த ஒரு அண்ணன், பேங்கில் பில் பார்க்கும் ஒரு மேடம். மூன்றே பேர். எட்டரை வருடத்துக்கு மூன்று பேர் என்பது குறைச்சல்தான். அதில் இரண்டு பேர் மூலமாகத்தான் இரண்டு அழைப்பு வந்தது.

முதல் இடத்தில் "சி.டி.சி. 25,000" என்றார்கள், அதாவது என்னால் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. 19,500-லிருந்து 25,000. பஸ்ஸில் வரும்போதே மனசு பறந்தது. வீட்டுக்கு வந்து பேப்பரில் பிரித்துப் பார்த்தேன். அதில் கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப். 1,800-ஐயும், போனஸ், கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று மாதம் 2,000-ஐயும் உள்ளே சேர்த்திருந்தார்கள். மிச்சம் 21,200. அதில் என் பங்கு பி.எஃப். 1,800 போனால் கையில் 19,400. பழைய இடத்தில் கையில் வந்தது 18,033. ஆக உண்மையான ஏற்றம் 1,367 ரூபாய். இதில் இன்னொரு கண்ணியும் இருந்தது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு கிடையாது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்குவதே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில்தான். 200 ரூபாயில் அதைத் தாண்டியிருப்பேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சம்பளக் கணக்கே தொழிலாக வைத்திருந்த எனக்கே பஸ்ஸில் வரும்போது பிடிபடவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்ல. "சி.டி.சி. எவ்வளவு" என்று கேட்காதீர்கள், "கையில எவ்வளவு வரும், பேசிக் எவ்வளவு" என்று கேளுங்கள்.

பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், ஏன் முக்கியம் என்பதற்கு என் கதையே போதும். என் 19,500-ல் பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 11,000. மீதி எல்லாம் அலவன்ஸ். கிராஜுவிட்டிக்குக் கடைசி பேசிக்கையும் டி.ஏ.வையும் 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்குவார்கள். நான் வேலை பார்த்தது எட்டு வருடம் எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடம், அதனால் ஒன்பது. எனக்கு வந்தது 57,115 ரூபாய். மொத்தச் சம்பளமும் பேசிக்காக இருந்திருந்தால் 1,01,250 வந்திருக்கும். நாற்பத்து நான்காயிரம் ரூபாய் பேசிக் என்ற கட்டத்தில் போனது. அந்தக் கட்டத்தை அப்படிப் பிரித்து டைப் அடித்ததும் இந்தக் கைதான்.

இரண்டாவது இடம் அவிநாசி ரோட்டில். "இப்ப எவ்வளவு வாங்கறீங்க?" என்றார்கள். உண்மையைச் சொன்னேன், பே ஸ்லிப் எப்படியும் கேட்பார்கள். சொல்லிவிட்டுக் கையோடு அந்த 41 லட்சத் தாளை நீட்டினேன். "ஜி.எஸ்.டி.க்கு ஆள் எடுத்தப்ப எங்க கம்பெனில 2017-லயே 18,000 குடுத்தாங்க சார். நான் அந்த வேலையும் பாக்கறேன், சம்பளக் கணக்கும் பாக்கறேன்" என்றேன். குரல் நடுங்கியது. 28,000 என்று எழுதிக் கொடுத்தார்கள், கம்பெனி பங்கு பி.எஃப். தனி. இ.எஸ்.ஐ. போவதால் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்து, அந்தப் பிரீமியத்தைக் கழித்த பிறகும் லாபம்தான்.

ராஜினாமா கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஓனர் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு "26,500 போட்டுக்கலாம். இந்த மாசத்துல இருந்தே" என்றார். ஒரே வாயில் ஏழாயிரம். கொஞ்சம் ஆடித்தான் போனேன். தெரிந்த இடம், தெரிந்த ஆட்கள், பஸ் ஸ்டாப்பிலிருந்து ஐந்து நிமிடம். அவர் அத்தோடு நிறுத்தியிருந்தால் இருந்திருப்பேனோ என்னமோ. "இத முன்னாடியே கேட்டிருக்கலாமே அம்மணி" என்றார்.

நான் சேரும்போது எனக்கு அப்பாயிண்ட்மெண்ட் லெட்டரே தரவில்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது. ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவள், என்னுடையதைக் கேட்கவே இல்லை. நோட்டீஸ் எத்தனை நாள் என்று எழுத்தில் இல்லாததால் ஒரு மாதம் என்று பேசி முடித்தோம். பே ஸ்லிப்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். அனுபவச் சான்றிதழில் "அக்கவுண்ட்ஸ்" என்று மொட்டையாகப் போடாமல் ஜி.எஸ்.டி. ரீஃபண்ட், சம்பளக் கணக்கு என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதி வாங்கினேன். பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியைக் கம்பெனி போட வேண்டும், அது விடுபட்டுப் போய்த்தான் நிறையப் பேர் அலைகிறார்கள். என் பெயருக்கு நேரே அந்தத் தேதியையும் நானே போட்டேன். பணத்தை எடுக்கவில்லை, புதிய கணக்குக்கு மாற்றினேன். பத்து வருடச் சேவை இருந்தால்தான் பி.எஃப். பென்ஷன். கல்யாணச் செலவுக்கென்று எட்டாவது, ஒன்பதாவது வருடத்தில் மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் போன பெண்களுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். அப்போது எனக்கே அது தெரியாது.

2020 மார்ச் 2-ம் தேதி புதிய இடத்தில் சேர்ந்தேன். மூன்று வாரத்தில் ஊரடங்கு. இரண்டு மாதம் பாதிச் சம்பளம். கடைசியாக வந்தவளை முதலில் அனுப்புவார்கள் என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு பேச்சு. "பேசாம அங்கயே இருந்திருக்கலாம்" என்று வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை சொன்னார், பதில் சொல்லவில்லை. எனக்கும் ராத்திரியில் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. ஜூனில் மாஸ்க் ஆர்டர் வந்தது, பிழைத்தோம். அனுப்பியிருந்தால் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்போது இங்கே அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நான் பொறுப்பு. இன்கிரிமெண்ட் ஷீட் போடும்போது நானும் உள்ளே உட்காருகிறேன். இங்கே பென்சில் கிடையாது, லேப்டாப்பில் நேராக அடிக்கிறார்கள். போன ஏப்ரலில் என் பிரிவில் பதினோரு பெயர். டைரக்டர் முதல் பெயரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இவங்க போயிருவாங்களா மேடம்?"

அந்தப் பெண் எங்கேயும் தேடவில்லை என்று எனக்குத் தெரியும். "போயிருவாங்க சார்" என்றேன். 2,500 அடித்தார். இரண்டாவது பெயருக்கும் அப்படியே சொன்னேன், மூன்றாவதுக்கும். நான்காவது பெயரில் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினோரு பேருக்கும் அதையே சொன்னால் எந்தப் பெயருக்கும் நம்ப மாட்டார்.

நான்காவது பெயர் சம்பளக் கணக்குப் போடுகிற பெண். சேர்ந்து ஆறு வருடம். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் 800 என்று அடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். மறுநாள் காலையில் அந்த ஷீட்டை டைப் அடிக்க அவளிடம்தான் கொடுத்தேன்.